வெள்ளிக்கிழமை தேய்த்த சுவிட்ச்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் வயர்மேன்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். வேலை நுணுக்கம் எதுவும் எழுதப் போவதில்லை. வயரை எப்படி இழுப்பது, எங்கே முறுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சுவிட்சைப் பற்றி. அதைச் சுவரில் பூட்டியது நானில்லை. ஆனாலும் அது என் கணக்கில்தான் வரும்.

உங்களில் சிலர், விளக்கு எங்கே வேண்டும் என்று வீட்டுக்காரர் தாமே வரைந்து வைத்திருக்கும் படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறீர்கள். நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். அந்த வீட்டில் நீங்கள் ஒரு நாள் நிற்பீர்கள், அவர் ஆயுள் முழுக்க இருக்கப்போகிறவர். நான் கண்டதிலேயே நல்ல படம், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணி பென்சிலால் போட்டது. அந்தப் படத்தில் இருந்த எதுவும் தப்பில்லை. அதில் விட்டுப்போன ஒன்றுதான் தப்பு, அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அப்போது நான் மலாக்காவில், பெம்பானுக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர்த் தோட்டத்தில் இருந்தேன். ஆலைக்கு ஒரு பெரிய இஞ்சின், விளக்குக்கு என்று தனியாக ஒரு சின்ன இஞ்சின். இரண்டும் என் பொறுப்பு. சின்ன இஞ்சினைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளப்புவேன், பத்து மணிக்கு நிறுத்துவேன். துரை பங்களா, ஆலை, ஆபீஸ், பிறகு கிராணிமார் குடியிருந்த ஐந்தாறு பலகை வீடுகள், இவ்வளவுக்குத்தான் கரண்டு. மரம் சீவிப் பால் எடுக்கிறவர்களின் லயத்து வரிசை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். அந்த நியாயத்தைப் பற்றி அப்போது என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

கிராணி வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு லைட்டு என்று துரை உத்தரவு. ஒன்று வாசலில், ஒன்று முன் அறையில். வருகிறவர் போகிறவர் கண்ணுக்கு வீடு பிரகாசமாக இருக்கும். சமையலறை இருட்டாகவே கிடக்கும். மற்றக் கிராணிகள் அதோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஆபீஸ் கிராணி கோதண்டம் மட்டும் திருப்திப்படவில்லை.

கோதண்டம் என் வயதுக்காரர். காதில் எப்போதும் பென்சில் இருக்கும். ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் முதலில் சுவரில் புள்ளி வைத்து, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத்தான் அடிப்பார். அவருடைய மனைவி மரகதம் பேச்சில் சிக்கனம். ஒருநாள் அவர் கணவரிடம், ராத்திரிச் சோற்றுக்கு அரிசி புடைக்கும்போது கல் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சொன்னார். கோதண்டம் மூன்றாவது லைட்டுக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

அவர் செய்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். அரிக்கன் லாந்தரை ஒரு கயிற்றில் கட்டி உத்தரத்தில் மாட்டினார். மரகதத்தை அடுப்படியில் உட்காரவைத்து, முறத்தைக் கையில் கொடுத்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தார். லாந்தரை ஓரடி நகர்த்தினார். மறுபடி பார்த்தார். இப்படி மூன்று சாயங்காலம். வெளிச்சம் பளிச்சென்று இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறவர் நிழல் அவர் வேலைமேலேயே விழக்கூடாது என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். நான் படித்த பரீட்சையில் அது இல்லை. இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஒரு லாந்தர், ஒரு கயிறு, அந்த இடத்தில் தினமும் உட்காருகிற ஆள். இவை மூன்றும் இல்லாமல் படம் போடாதீர்கள்.

கடைசியில் அவர் கண்டுபிடித்த இடம் அருமையானது. சமையலறைக்கும் சாமி மேடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அது கூரைவரை போகாது. அதன் உச்சியில் பல்பைத் தொங்கவிட்டால் இந்தப் பக்கம் அடுப்புக்கும் வெளிச்சம், அந்தப் பக்கம் சாமிக்கும் வெளிச்சம். சுவிட்ச் எங்கே? சாமி மேடைக்குப் பக்கத்தில், மரகதம் கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில். விளக்கேற்றப் போகும்போதே லைட்டையும் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்துவிடலாம். படத்தில் எல்லாம் அழகாகக் குறித்திருந்தார், மரகதம் நடக்கிற வழியைக்கூடப் புள்ளிப் புள்ளியாக.

துரையைக் கேட்டால் முடியாது என்பார். ஆகவே கேட்கவில்லை. என்னிடம் வந்தார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாண்ணே. சாமான் மட்டும் குடுங்க. நானே போட்டுக்கிறேன். கேட்டா நீங்க பாக்கவே இல்லைன்னு சொல்லிடுங்க" என்றார்.

துரை பங்களாவில் அந்த மாதந்தான் பழைய பித்தளைச் சுவிட்சுகளைக் கழற்றிவிட்டுக் கறுப்புச் சுவிட்சுகள் போட்டிருந்தேன். பழையது பித்தளை மூடி போட்டது, சின்னச் செம்பைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கழற்றியதில் நல்லதாகப் பார்த்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன். வயர் கொடுத்தேன். எப்படி முடுக்குவது என்று சொல்லியும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். அந்த ஞாயிறு இஞ்சினில் வேலை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மறந்துவிட்டேன். லைட்டு எரிகிறது என்று கேள்விப்பட்ட பிறகு, எரிகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன். எரிகிற விளக்கைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிற வயர்மேனிடம் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் காப்பி குடிக்கப் போனேன். சாமி மேடையில் குத்துவிளக்கு, மணி, குங்குமச் செப்பு எல்லாம் வரிசையாக மின்னின. பக்கத்துப் பலகையில் என் சுவிட்ச். அதுவும் அவற்றோடு சேர்ந்து மின்னியது.

"துரை வீட்டுல இருந்தப்பகூட இது இப்படி இல்லையே, தங்கச்சி" என்றேன்.

மரகதம் முகம் மலர்ந்துபோயிற்று. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம விளக்கோட சேத்து இதையும் தேய்ச்சிருவேண்ணே. கழட்ட முடியல, அதனால அங்கயே வச்சு" என்றார்.

எதைப் போட்டுத் தேய்ப்பார்? நம் வீடுகளில் பித்தளையை எதைப் போட்டுத் தேய்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? புளியும் சாம்பலும். தலை குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று. ஒரு சொட்டுப் புளித்தண்ணீர் வாரா வாரம் அந்த மூடிக்குள் இறங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி யோசித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பகலில் இஞ்சின் ஓடுவதில்லை, வெள்ளிக்கிழமை காலையில் அது வெறும் பித்தளை, ஒன்றும் ஆகாது. இப்படி எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாள் சந்தோஷமாக நின்றிருந்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

துரை பங்களாவிலும் அந்தச் சுவிட்சை யாரோ துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே காய்ந்த துணி. செய்தவன் அதை மனதில் வைத்துத்தான் பித்தளையில் செய்திருப்பான். புளியை அவன் கண்டானா? அதைக் கண்டவன் நான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கெல்லாம் மங்கி மங்கி எரிந்தது. மறுநாள் ராத்திரி பங்களாவில் பெரிய விருந்து, வெளியூரிலிருந்து யாரோ வருகிறார்கள், விளக்கு நின்றால் நடப்பதே வேறு என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து இஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தேன். ஒன்பது மணி வாக்கில் பூட்டி முடித்தேன். ஓட்டிப் பார்க்க வேண்டும்.

போர்டில் மூன்று மெயின் சுவிட்ச். பங்களாவுக்கு ஒன்று, ஆலைக்கும் ஆபீசுக்கும் ஒன்று, கிராணி வீடுகளுக்கு ஒன்று. முந்தின ராத்திரி நிறுத்தியபோது இருந்த மாதிரியே மூன்றும் போட்டபடி இருந்தன. கிராணி வீட்டு லைனை இறக்கிவிட்டு ஓட்டியிருக்கலாம். ஒரு கையசைவு. அல்லது, இன்றைக்குக் காலையில் கரண்டு வரும் என்று அத்தனை வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். பட்டப்பகலில் யார் லைட்டுப் போடப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு இஞ்சினைக் கிளப்பினேன். சுவிட்ச் போட்டால்தான் அதில் கரண்டு இருக்கும் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கலாம். அணைத்த சுவிட்சுக்குள்ளும் கரண்டு வந்து காத்துக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்த நிமிஷத்தில் அது என் நினைவில் இல்லை.

இஞ்சின் நன்றாக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஞானம்மாள் வந்து நின்றார். கோதண்டத்துக்குப் பக்கத்து வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸரின் மனைவி. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மரகதத்தக் கரண்டு புடிச்சிருச்சு" என்றார்.

இனி நான் எழுதப்போவதை நன்றாகப் படியுங்கள். நான் அந்த இடத்தை விட்டு ஓடினேன். போர்டு எனக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நானோ ஞானம்மாளைத் தாண்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். கூப்பிட்ட இடத்துக்கு ஓடுவதுதான் மனுஷ புத்தி. வயர்மேனுக்கு அந்தப் புத்தி கூடாது.

"அங்க எங்க ஓடுறீங்க? நிப்பாட்டுங்க மொதல்ல" என்று ஞானம்மாள் பின்னாலிருந்து கத்தினார்.

இருபது எட்டு எடுத்து வைத்திருப்பேன். திரும்பி ஓடி வந்து மெயினை இறக்கினேன். போக இருபது, வர இருபது. அந்த நாற்பது எட்டும் மரகதத்தின் கை அந்தப் பித்தளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த எட்டுகளை நான் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஞானம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். லைட்டுப் போட்ட அன்றே கோதண்டம் அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருக்கிறார். யாரையாவது கரண்டு பிடித்தால் தொடாதீர்கள், தொட்டால் உங்களையும் பிடிக்கும், நேராக இஞ்சின் ரூமுக்கு ஓடி நிறுத்தச் சொல்லுங்கள் என்று. ஞானம்மாள் தோழி துடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கையை நீட்டாமல், என்னிடம் ஓடி வந்திருக்கிறார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் வயர்மேனாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மரகதம் தரையில் கிடந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, டிரெஸ்ஸர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிண்ணம் கவிழ்ந்து புளி கரைந்து ஓடியிருந்தது. தேய்த்த விளக்கு ஒருபுறம், தேய்க்காத மணி ஒருபுறம். மூச்சு வந்தது. அது வரும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். துரையின் காரிலேயே மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் வெந்து, பிறகு மடங்கினபடியே நின்றுவிட்டன.

அன்று மத்தியானம் அந்தச் சுவிட்சைக் கழற்றினேன். என்ன எண்ணத்தோடு கழற்றினேன் தெரியுமா? கோதண்டம் ஏதாவது தப்பாக முடுக்கியிருப்பார், ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இருந்தால் நல்லது என்ற எண்ணத்தோடு. இழை நீட்டவில்லை. நான்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டேன். மூடிக்குள் மாதக்கணக்கில் இறங்கிய புளி பச்சையாகப் பூத்துப்போய், வயர் முனைக்கும் பித்தளைக்கும் பாலம் போட்டிருந்தது. நான் காப்பி குடித்த அன்று இதை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும்.

துரை விசாரணை வைத்தார். மூன்றாவது லைட்டு யார் போட்டது? கோதண்டம் தாம்தான் என்றார். சுவிட்ச் ஏது? மலாக்காவில் பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்றார். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், உத்தரவு மீறியதற்கு வேலையும் வீடும் போகப்போகிறது, அந்த நிலையிலும் அந்த மனுஷர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் அதே அறையில், அவருக்கு மூன்று அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை போய்ச் சொன்னேன். சுவிட்ச் என்னுடையது, சொல்லாமல் இஞ்சினைக் கிளப்பியவனும் நானே என்று. உண்மையைச் சொன்னான் என்று என்னைப் பாராட்ட வேண்டாம். ஒரு நாள் பிந்திச் சொன்ன உண்மை பாதி உண்மைதான். கோதண்டத்தை எச்சரித்து விட்டுவிட்டார்கள். என்னை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பெட்டியோடு பஸ் ஏறி மலாக்காவுக்கு வந்தேன். நீங்கள் பார்த்த என் டவுன் உத்தியோகமெல்லாம் அப்படித் தொடங்கியதுதான். ஆஸ்பத்திரிப் பக்கம் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

நாலைந்து வருஷம் ஓடிப்போயிற்று. மலாக்கா டவுனிலேயே தெங்கேராவில் ஒரு வாடகை வீட்டுக்கு வயரிங் செய்யச் சொல்லி, நான் வேலை பார்த்த கடை முதலாளி என்னை அனுப்பினார். கதவைத் திறந்தது மரகதம். கோதண்டம் தோட்டத்தை விட்டுவிட்டு டவுனில் ஒரு கடை ஆபீசில் சேர்ந்திருந்தாராம். நான் சாமான் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன்.

"வேற ஆளு வேணாண்ணே. உங்களத்தான் அனுப்பச் சொல்லி இவரு போய்ச் சொல்லிட்டு வந்தாரு" என்றார்.

கோதண்டம் வழக்கம்போலப் படத்தோடு வந்தார். லாந்தர் கட்டிப் பார்த்த ஆணி உத்தரத்தில் இருந்தது. இந்தத் தடவை நான் படத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மரகதத்திடம், இந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை எங்கெங்கே என்ன செய்வீர்கள், எந்தக் கை ஈரமாக இருக்கும், எங்கே தண்ணீர் ஊற்றுவீர்கள், எதைத் தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் வீடு முழுவதும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். விளக்கேற்றும்போது எங்கே நிற்பார் என்று நின்று காட்டினார். வலது கையில் அந்த இரண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியிருந்தன. நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சாமி மேடைக்கு லைட்டு உண்டு. அதன் சுவிட்ச் அறைக்கு வெளியே, கதவோரம், இடது கைக்கு வசதியாக. பித்தளையில் ஒரு திருகாணிகூடப் போடவில்லை.

வேலை முடிய ஐந்து நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் நாள் பார்த்து வைக்கவில்லை, தானாக அப்படி வாய்த்தது. காலையிலேயே கரண்டு கொடுத்து எல்லா லைட்டையும் போட்டுக் காட்டினேன். கோதண்டம் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனார். நான் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மரகதம் குளித்துவிட்டு வந்தார். குத்துவிளக்கை எடுத்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் புளியோடு சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்தார். வலது கையின் மற்ற விரல்களால் விளக்கைப் பிடித்துக்கொண்டு இடது கையால் தேய்த்தார்.

அவர் கைக்கெட்டும் தூரத்தில் கரண்டு எதுவும் இல்லை. என் கையாலேயே பூட்டியவன் நான், ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து போய் மெயினை இறக்கினேன். இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே, கையை அதன்மேல் வைத்தபடி நின்றேன். என்ன வேலை பாக்கி என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. விளக்கு, மணி, குங்குமச் செப்பு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து, கழுவி, துடைத்து, மேடையில் வைத்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு கையைத் துணியில் நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டார்.

"தேய்ச்சு முடிச்சிட்டேண்ணே" என்றார், என் பக்கம் திரும்பாமல். "இனிமே போடலாம்."